சிஸ்டர் பதில்கள்: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கவுன்சிலில் ஒரு பெயர்

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு லைசென்ஸ் வாங்குவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. பதில் சொல்கிறவர் ஸ்டான்லியில் படித்து, ரியாத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்துவிட்டு, பழைய வண்ணாரப்பேட்டைக்கே திரும்பி வந்திருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்.

நான் ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்து நான்கு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இங்கிலாந்துக்கு அப்ளை செய்ய ஆரம்பித்தேன். பத்தாவது சான்றிதழிலும் கவுன்சில் பதிவிலும் ‘கலைவாணி ஆர்.’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ‘கலைவாணி ராஜேந்திரன்’. இது போதாதென்று, ஆங்கிலத்தில் ‘வாணி’க்கு ஒன்றில் ஒரு ‘ஏ’, இன்னொன்றில் இரண்டு ‘ஏ’. இதெல்லாம் பிரச்சினையா? ஜி.என்.எம்.முக்கு அங்கே மதிப்பு உண்டா சிஸ்டர்?
— கே.ஆர்., கொருக்குப்பேட்டை

ஜி.என்.எம். பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலான என்.எம்.சி. பார்ப்பது, நீங்கள் படித்த படிப்பு உங்கள் ஊரில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை செய்யத் தகுதி தருகிறதா என்பதைத்தான். என்னோடு அங்கே வேலை பார்த்த மலையாளிப் பெண்களில் பலர் ஜி.என்.எம்.தான்.

பெயர்தான் பிரச்சினை. சின்னப் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. கவுன்சிலோ பள்ளிச் சான்றிதழில் இருப்பதை அப்படியே பதிந்திருக்கிறது. நமக்கு இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டில் ஃபைலைப் பார்க்கிறவருக்கு இரண்டு பேர்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, ஜி.என்.எம். மார்க் ஷீட் ஒவ்வொன்றும், டிப்ளமோ, கவுன்சில் பதிவு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒரு வெள்ளைத் தாளில், ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை கலைவாணி இருக்கிறார்கள் என்று அப்போது தெரியும். ‘கலா’ என்று கூப்பிடும் பெயரையே எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் டைப் அடித்துக் கொடுத்த நர்ஸிங் ஹோமை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

இனிஷியலுக்கும் விரித்த பெயருக்கும் உள்ள வித்தியாசத்தை, இருவரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எழுத்து வித்தியாசம் வேறு கதை, அதைத் திருத்தியே ஆக வேண்டும். எதைத் திருத்துவது? சான்றிதழ்கள் பல, பாஸ்போர்ட் ஒன்று. அதனால் பத்தாவது சான்றிதழை ஆதாரமாக வைத்து, அதில் உள்ள எழுத்துப்படி பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து வாங்குவதுதான் சுலபம் என்பேன். பெயரையே மாற்ற வேண்டிய நிலை என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும். (அரசிதழ் அச்சாகிற அரசு மைய அச்சகம் நம்ம மின்ட்டில்தான் இருக்கிறது. பாதிப் பேருக்கு அது தெரியாது.) இதையெல்லாம் முடித்த பிறகு பரீட்சைக்குப் பணம் கட்டுங்கள். பரீட்சை மையத்தில் புக்கிங்கில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள். கட்டிய பணமும் போச்சு.

இன்னொன்று. உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். நடுவில் ஆனால், ஆசைக்காகப் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கப் போய்விடாதீர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவு புதுப்பித்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பதிவு உண்மைதான், உங்கள் மீது புகார் ஏதும் இல்லை என்று இங்குள்ள கவுன்சில் நேராக அங்குள்ள கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கொண்டு போய்க் கொடுக்கும் காகிதம் செல்லாது. பதிவு காலாவதியாகி இருந்தால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

என் மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். சவுதியில் நர்ஸ் வேலை, பரீட்சை எதுவும் கிடையாது, மூன்றரை லட்சம் கட்டினால் இரண்டு மாதத்தில் விசா என்று பாரிமுனைப் பக்கம் ஒருவர் சொல்கிறார். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கேட்கிறார். என் வீட்டுக்காரர் போட்டில் இருக்கும் பங்கை விற்றுக் கொடுத்துவிடலாம் என்கிறார். நம்பலாமா அம்மா?
— பெயர் வேண்டாம், காசிமேடு

போட் பங்கை விற்க வேண்டாம். இதை முதலில் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள், மீதியை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

சவுதியில் நர்ஸாக வேலை செய்ய அங்குள்ள சுகாதாரச் சிறப்புத்துறை ஆணையத்தின் வகைப்பாடும் பதிவும் வேண்டும். அதற்கு முன்னால் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு இருக்கிறது. உங்கள் மகள் படித்த கல்லூரி, பதிவு செய்த கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை, மூன்றிடமும் நேராக எழுதிக் கேட்பார்கள். பிறகு கம்ப்யூட்டர் பரீட்சை, பிராமெட்ரிக் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பரீட்சையே இல்லை என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் அந்த வேலை நர்ஸ் வேலை அல்ல. போய் இறங்கிய பிறகு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள் என்பார்கள். ரியாத்தில் அப்படி வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் அழுகையை நான் கேட்டிருக்கிறேன்.

2014-இல் ஈராக்கில் திக்ரித்தில் நம் நர்ஸுகள் 46 பேர் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பிறகு மீட்டுக்கொண்டு வந்தது நினைவிருக்கும். அடுத்த வருடமே மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை மாநில அரசு நிறுவனங்கள் வழியாக எடுக்க வேண்டும் என்றும், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் குடியகல்வு அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். மகளுக்கு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும் வேலை இருந்தால் அதுவும் கிண்டியில்தான். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

அரசு உரிமம் பெற்ற ஏஜென்ட்டாகவே இருந்தாலும் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்ச வரம்பு இருக்கிறது: 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. மூன்றரை லட்சம் எங்கே, இது எங்கே? இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டால் அவர் உண்மையான ஏஜென்ட்டா என்று தெரியும். எண்ணைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மகளுக்கு ஒரு வருடம்தான் அனுபவம் என்கிறீர்கள். வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருடம் கேட்பார்கள். இன்னொரு வருடம் இங்கே நல்ல வார்டில் இருக்கட்டும். படுக்கை எண்ணிக்கை சொல்லும்படி இருக்கிற, கடிதம் வந்தால் பதில் போடுகிற மருத்துவமனையாக இருக்கட்டும். மூடிப்போன நர்ஸிங் ஹோமில் பார்த்த அனுபவத்தை டேட்டாஃப்ளோவால் சரிபார்க்க முடியாது. வேலை பார்த்தது உண்மை என்றாலும் காகிதத்தில் அது பூஜ்யம்தான்.

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஸ்கேன் செய்தால் போதும்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங்கில் மட்டும் 6. ‘மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓ.இ.டி.க்கு மாறு, சுலபம்’ என்று தோழி சொல்கிறாள். கோச்சிங் சென்டரில் மறுபடியும் முழு கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். இங்கிலாந்துதான் குறிக்கோள்.
— எஸ்.எம்., வியாசர்பாடி

முழு கோர்ஸ் எதற்கும்மா? நீங்கள் முக்கால் கிணறு தாண்டியாகிவிட்டது.

என்.எம்.சி. கேட்பது மற்ற மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5. இன்னொரு சலுகையும் உண்டு. 12 மாதத்துக்குள் இரண்டு முறை எழுதிய மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். நிபந்தனை, எந்த முறையிலும் எந்தப் பகுதியும் தேவையான அளவைவிட அரைப் புள்ளிக்கு மேல் குறையக்கூடாது. உங்கள் 6 சரியாக அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. ஆக, அடுத்த முறை ரைட்டிங்கில் 6.5 வாங்கி, மற்ற மூன்றிலும் 6.5-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். கோச்சிங் சென்டரில் இதை ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது, ஆனால் பதிலும் எனக்குத் தெரியும்.

ஓ.இ.டி.யைப் பொறுத்தவரை அதில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. வரைபடத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதும் வேலை இல்லை. ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பும்போது சமூக நர்ஸுக்கோ டாக்டருக்கோ ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும். நம் பிள்ளைகள் தவறுவது ஆங்கிலத்தில் அல்ல. குறிப்பில் இருக்கிற எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டிக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது, இன்றைக்குக் காலில் கட்டு மாற்றப் போகிற நர்ஸுக்கு எதற்கு? நைட் டியூட்டி முடித்து ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது நீங்கள் எதைச் சொல்வீர்கள், எதை விடுவீர்கள்? அதேதான் கடிதமும்.

ஆனால் ஒன்று: ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணையும் ஓ.இ.டி. மதிப்பெண்ணையும் கலந்து காட்ட முடியாது. மாறினால் முதலிலிருந்து. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மாற மாட்டேன். தினமும் ஒரு கட்டுரை எழுதி, திருத்தித் தரக்கூடிய ஒருவரைப் பிடித்து, சீக்கிரம் மறுபடி எழுதிவிடுவேன்.

ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிற ஆண் செவிலியர் நான். இங்கிலாந்துக்கு எழுத வேண்டிய சி.பி.டி., ஆஸ்கி இரண்டில் எது கஷ்டம்? ஆஸ்கியில் நம்மவர்கள் ஏன் தோற்கிறார்கள்? எனக்கு லைன் போடுவது, வென்டிலேட்டர் பார்ப்பது எல்லாம் தண்ணி பட்ட பாடு.
— டி.ஜே., திருவொற்றியூர்

தம்பி, அந்தத் தண்ணி பட்ட பாடுதான் ஆஸ்கியில் காலை வாரும்.

சி.பி.டி. என்பது கம்ப்யூட்டர் பரீட்சை, இங்கிருந்தே எழுதலாம். முதல் பகுதி 15 கணக்கு, இரண்டாம் பகுதி 100 நர்ஸிங் கேள்விகள். கணக்கைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. 1000 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? இருபதாயிரத்தை 480-ஆல் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. உங்களுக்கு இது தெரியும். ஆனால் வார்டில் நாம் இப்படியா போடுகிறோம்? கண்ணால் பார்த்து ரோலரை நகர்த்திவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கையை இப்போதிருந்தே பேனா பிடிக்கப் பழக்குங்கள்.

ஆஸ்கி என்பது செய்முறைப் பரீட்சை, பிரிட்டனுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். நார்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ், லீட்ஸ், நார்தம்ப்ரியா, அல்ஸ்டர் என்று மையங்கள் உண்டு. 10 நிலையங்கள். அவற்றில் நான்கு ஒரே நோயாளியின் கதை: மதிப்பிடு, திட்டமிடு, செய், முடிவைப் பார். நான்கு செய்முறைத் திறன்கள். மீதி இரண்டு எழுத்து வேலை. நோயாளியாக ஒரு நடிகரோ பொம்மையோ இருக்கும்.

நம்மவர்கள் தோற்பது கைத்திறன் இல்லாமல் அல்ல, வாய் திறக்காமல்தான். நாற்பது பேர் படுத்திருக்கிற வார்டில் நமக்குப் பேச நேரம் ஏது? “12-ஆம் நம்பர் பெட், ஊசி” என்போம், அவர் கையை நீட்டுவார், முடிந்தது. அங்கே அப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே தோல்வி. கை கழுவி, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, உங்கள் முழுப் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன என்று அவர் வாயால் சொல்ல வைத்து, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டு, அலர்ஜி உண்டா என்று கேட்டு, செய்யலாமா என்று சம்மதம் வாங்கி, அதற்கப்புறம்தான் தொட வேண்டும். முழங்கைக்குக் கீழே வாட்ச், கயிறு, எதுவும் இருக்கக்கூடாது. அந்தோணியார் கயிறாக இருந்தாலும் பரீட்சைக்கு முன்னால் கழற்றிவிடுங்கள்.

மருந்து நிலையத்தில் ஒரு பொறி வைத்திருப்பார்கள். சார்ட்டில் அலர்ஜி கட்டத்தில் பெனிசிலின் என்று இருக்கும், கீழே மருந்து வரிசையில் அமாக்சிசிலின் இருக்கும். டாக்டர் எழுதிவிட்டாரே என்று கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்காமல் நிறுத்தி, ஏன் என்று சொல்லி, டாக்டருக்குத் தெரிவிப்பேன் என்று சத்தமாகச் சொல்லி, சார்ட்டில் எழுத வேண்டும். நாடி, மூச்சு, பி.பி. எல்லாவற்றுக்கும் புள்ளி போடும் நியூஸ்-2 சார்ட்டையும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். புள்ளிகளின் கூட்டல் 5 என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், 7 என்றால் எமர்ஜென்சி. மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பார்க்காமலேயே ‘20’ என்று போடும் பழக்கம் எந்த வார்டில் இல்லை?

விசா விதிப்படி வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் ஆஸ்கி, 8 மாதத்துக்குள் பதிவு. மூன்று வாய்ப்பு உண்டு. ஒருமுறைக்குக் கட்டணம் 794 பவுண்டு. பெரும்பாலும் வேலை கொடுக்கிறவர்களே முதல் தடவைக்குக் கட்டி, பயிற்சியும் தருவார்கள். ஒப்பந்தத்தில் அதைப் படித்துப் பாருங்கள். முன்கூட்டியே வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் அதில்தான் எழுதியிருப்பார்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. இருட்டிலும் லைன் போடுகிற உங்களை, பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும் வரை லைன் போடும் வென்ஃப்ளான் ஊசியைத் தொட விட மாட்டார்கள். ஆனால் குளிப்பாட்டுவது, பெட்பேன் வைப்பது, ஷேவ் செய்வது உங்கள் வேலை. ஆயாம்மா கிடையாது, வெளியே பாய் விரித்துப் படுத்திருக்கிற சொந்தக்காரரும் கிடையாது. இதை அவமானமாக நினைத்து முதல் மாதமே உடைந்துபோனவர்கள் உண்டு. நோயாளியைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகுப் புண்ணை முதலில் பார்க்க முடியும். எனக்கு அது பிடித்துப்போன வேலை.

அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையான என்கிளக்ஸ் எழுதி அங்கே போகலாமா?
— ஆர்.பி., எண்ணூர்

எழுதலாம். போவதுதான் தாமதமாகும். பரீட்சையில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், 5 மணி நேரம். நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். அதனால் கஷ்டமாக இருந்தால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150. தவறினால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். இதற்கு முன்னால் அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநில நர்ஸிங் போர்டில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், பின்னால் விசாவுக்காக விசா ஸ்கிரீன் என்ற தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

இதெல்லாம் முடிந்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் குடியேற்ற விசா வரிசை பத்து வருடத்துக்கு மேல் நீண்டு கிடக்கிறது. இன்று வரிசையில் நின்றால் மகனுக்கு மீசை முளைத்த பிறகு விசா வரும். ஆனால் பரீட்சை வீண் போகாது. ஆஸ்திரேலியாவும் இதே என்கிளக்ஸைத்தான் கேட்கிறது, அதன் பிறகு அடிலெய்டில் ஒரு ஆஸ்கி. 2025 ஏப்ரல் முதல், பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பரீட்சைகள் இல்லாமலே ஆஸ்திரேலியாவில் வழி திறந்திருக்கிறது. அதனால் பல பேர் இப்போது சுற்றுப்பாதையில் போகிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

ஜெர்மனியில் எல்லாமே இலவசம், மொழி மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்கிறார்களே?
— எல்., தண்டையார்பேட்டை

‘மொழி மட்டும்’ என்பதில் உள்ள அந்த ‘மட்டும்’ எவ்வளவு பெரியது தெரியுமா? நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை வேண்டும். ஏ1 என்ற ஆரம்ப நிலையில் தொடங்கி அங்கே போய்ச் சேர, டியூட்டியும் பார்த்துக்கொண்டு படித்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. தாட்கோவும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மன் வகுப்புகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு விடுகிறார்கள், பத்திரிகையில் கவனியுங்கள்.

உங்கள் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் குறையை ஒரு பரீட்சையாலோ, மருத்துவமனையில் சில மாதப் பயிற்சியாலோ நிரப்பலாம். அதுவரை உதவியாளராகத்தான் வேலை, சம்பளமும் உதவியாளர் சம்பளம். மொழியில் ஆசை இருந்தால் போங்கள். பரீட்சை பயத்தில் இங்கிலாந்தை விட்டுவிட்டு ஜெர்மனிக்கு ஓடினால் அங்கே காத்திருப்பதும் பரீட்சைதான், அதுவும் ஜெர்மனில்.

இங்கிலாந்தில் கேர் ஒர்க்கராகப் போய்விட்டு, அங்கிருந்தே நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்று ஒரு கன்சல்டன்சியில் 8 லட்சம் கேட்கிறார்கள்.
— ஜே.ஆர்., ராயபுரம்

அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. நர்ஸுக்கு வழி இருக்கிறது, முன்பு மாதிரி அள்ளி எடுக்கவில்லை என்றாலும். அந்நாட்டு விதிமுறைப்படி நர்ஸிடம் வேலைக்காக ஏஜென்ட் காசு வாங்கவே கூடாது, வேலை கொடுப்பவர்தான் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸின் ஜாப்ஸ் தளத்தில் விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது. 8 லட்சத்தை வங்கியில் போட்டு வையுங்கள்.

நான் சேர்ந்தபோது மருத்துவமனையில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்ட். இப்போது டேட்டாஃப்ளோவுக்கு வேண்டும் என்று கேட்டால் தர மறுக்கிறார்கள்.
— பெயர் வெளியிட வேண்டாம், பெரம்பூர்

பாண்ட் முறை கூடாது என்று இந்திய செவிலியர் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரிஜினல் உங்கள் சொத்து. வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்துங்கள். என்னென்ன சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி, திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லை என்றால் மாநில கவுன்சிலுக்கு ஒரு புகார், காவல் நிலையத்தில் ஒரு மனு. பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே கவர் கைக்கு வந்துவிடும். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். டேட்டாஃப்ளோ கேட்டு எழுதும்போது பதில் போட வேண்டியது இதே ஹெச்.ஆர்.தான்.

என் என்.எம்.சி. கணக்கை கன்சல்டன்சியில்தான் திறந்தார்கள். இமெயிலும் பாஸ்வேர்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஓ.டி.பி. வந்தால் சொல்லுங்கள்’ என்கிறார்கள். வீட்டில் இவர் சந்தேகப்படுகிறார். எனக்கு அந்தப் பையன் நல்லவனாகத்தான் தெரிகிறது.
— ஏ.எஸ்., புது வண்ணாரப்பேட்டை

வீட்டுக்காரர் சந்தேகப்படுவது சரி. பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அது கேள்வி இல்லை. லைசென்ஸ் உங்கள் பெயரில் வருகிறது. விண்ணப்பத்தில் எழுதியதற்கெல்லாம் பொறுப்பு நீங்கள். அவர்கள் உங்கள் அனுபவத்தில் ஒரு வருடம் கூட்டி எழுதினால், பொய் சொன்னதாகப் பதிவாவது உங்கள் பெயர். அந்தக் கறை ஒரு நாட்டோடு நிற்காது.

இது பதிவு கிடைக்கும் வரைக்குமான விஷயம்கூட இல்லை. பின் நம்பர் என்கிற உங்கள் என்.எம்.சி. பதிவு எண் அந்த இமெயிலுக்குத்தான் வரும். ஆண்டுதோறும் 120 பவுண்டு கட்டணம் கட்டச் சொல்லும் கடிதமும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டுக்கான நினைவூட்டலும் அங்கேதான் வரும். கட்டணம் தவறினால் பதிவு போய்விடும், பதிவு இல்லாமல் வார்டில் நர்ஸாக நிற்க முடியாது. பெரம்பூரிலோ கீழ்ப்பாக்கத்திலோ இருக்கிற அந்த ஆஃபீஸ் அப்போது இருக்குமா?

உங்கள் பெயரில் புதிதாக ஒரு இமெயில் திறங்கள், உங்கள் போன் நம்பரை மட்டும் இணையுங்கள். கன்சல்டன்சியில் போய் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து கணக்கின் இமெயிலையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பத்தில் இதுவரை என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் படித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்ற விடவில்லை என்றால் நீங்களே பாஸ்போர்ட் நகலோடு என்.எம்.சி.க்கு எழுதி நடந்ததைச் சொல்லுங்கள், தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர்களுக்குப் புரியும். பதில் வரும் வரை ஓ.டி.பி. கேட்டு போன் வந்தால் சொல்லாதீர்கள்.